நனைந்த பாதையில் ரப்பரின் பிடி

பள்ளமில்லாத டயரின் புதிர்

மழை நாளில் கார் ஏன் வழுக்குகிறது என்று கேட்டால், டயரின் பள்ளங்கள் தேய்ந்திருக்கும் என்ற விடை எவரிடமிருந்தும் உடனே வரும். விடை சரியானதே, ஆனால் மோட்டார் பந்தயத்தை ஒருமுறையேனும் தொலைக்காட்சியில் பார்த்தவருக்கு அது வேறொரு கேள்வியை எழுப்பிவிடும். வறண்ட நாளில் பந்தயக் கார்கள் அணிந்திருக்கும் டயர்களில் ஒரு பள்ளம்கூட இருப்பதில்லை. அவை முற்றிலும் வழுவழுப்பாக இருந்தும், சாதாரணக் கார் தூக்கி எறியப்படக்கூடிய வேகத்தில் வளைவைப் பற்றிக்கொண்டு திரும்புகின்றன. பிடியைத் தருவது பள்ளம்தான் என்றால் இது நடக்க வழியில்லை. பிடியைத் தருவது பள்ளம் அல்ல என்றால், வீட்டுக் காரின் டயரில் அத்தனை பள்ளங்களை வெட்டிவைப்பதற்குக் காரணம் வேண்டும். இவற்றோடு மூன்றாவது கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: தேங்கிய நீர் எங்குமே இல்லாமல், தூறலால் மேற்பரப்பு மட்டும் பளபளக்கும் சாலையிலும் கார் வழுக்குவது ஏன்?

இக்கேள்விகளைச் சி ரூசாவில் நின்று எழுப்புவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் நகருக்குத் தெற்கே மலாக்கா நீரிணையை ஒட்டி அமைந்த இந்த வட்டாரமும், அதைச் சுற்றியுள்ள சுவா பெத்தோங், லிங்கி, சிலியாவ் பகுதிகளும், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் ரப்பர் தரும் பால்மரம் வெட்டிய தோட்டங்களின் நிலம். இங்கிருந்து வடக்கே சென்று சிலாங்கூர் எல்லையைக் கடந்தால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் பன்னாட்டுப் பந்தயத்தடம் 5.543 கிலோமீட்டர் நீளத்தில், பதினைந்து வளைவுகளோடு கிடக்கிறது. ஒரே வகைக் காரையோ ஒரே ஆர்வத்தையோ கொண்டவர்கள் கூடி அமைக்கும் கார் சங்கங்கள் இத்தகைய தடங்களை வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்கள் சொந்தக் காரைப் போட்டியின்றி வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாட்களை நடத்துகின்றன. அத்தகைய நாளில் மழை வருவது இந்த நாட்டில் வியப்புக்குரியது அல்ல. பருவமாற்றக் காலங்களில் பிற்பகலில் இடிமழை திரளும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்ரா' என்னும் புயல்வரிசை விடியற்காலையிலேயே மேற்குக் கரையை அடித்துவிட்டுப் போகும். கருமேகம் கூடி, சிவப்புப் பட்டைகள் கொண்ட மஞ்சள் கொடி, அதாவது தடம் வழுக்குகிறது என்னும் எச்சரிக்கை, காட்டப்படும் நேரத்தில் காருக்கும் சாலைக்கும் இடையே நடப்பதை அறிய, அவை இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளங்கை அளவு இடம்

மலேசியச் சாலைகளில் எங்கும் காணப்படும் சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்து அதன் எடை 1,100 கிலோ என்றால், நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரித்து ஒவ்வொன்றின்மீதும் 275 கிலோ சுமை விழும். இந்தச் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் அடைபட்ட காற்று. ரப்பரின் பங்கு அதில் சிறிது. டயரில் 220 கிலோபாஸ்கல், அதாவது பழைய அளவையில் 32 பிஎஸ்ஐ காற்று இருக்குமானால், தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இரண்டேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ தாங்கும். ஆகவே 275 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 120 சதுர சென்டிமீட்டர் போதும். டயர் தரையைத் தொடும் இந்தத் தொடுபரப்பு, 14 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட, ஓர் உள்ளங்கையை விடப் பெரிதல்லாத இடம். கார் திரும்புவதும் நிற்பதும் முடுக்குவதும் இந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான்.

வறண்ட தடத்தில் இந்த இடம் முழுவதும் ரப்பராக இருப்பதே நல்லது. பள்ளம் வெட்டினால் தொடும் ரப்பர் குறைகிறது என்பதோடு, பள்ளங்களுக்கிடையே தனித்து நிற்கும் ரப்பர்க் கட்டிகள் விசை வரும்போது சாய்ந்து, வளைந்து, சூடேறி, விரைவில் கெடுகின்றன. ஆகவே பந்தயக் காரின் வழுவழுப்பான டயர், வறண்ட தரைக்கு இருப்பதிலேயே நேர்மையான வடிவம் எனலாம். பள்ளம் என்பது வறண்ட நாளில் செலுத்தப்படும் விலை. அதற்கான பொருள் மழை நாளில்தான் கைக்கு வருகிறது.

மூன்றரை மில்லிநொடியில் நடக்க வேண்டியது

அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்பதை அதே சிறிய காரைக் கொண்டே கணக்கிடலாம். செப்பாங்கின் நேர்ப்பாதையில் அது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும், தடத்தின்மீது 2 மில்லிமீட்டர் நீர் நிற்கிறது என்றும் கொள்வோம். இந்த வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். 14 சென்டிமீட்டர் அகல டயர் ஒன்று ஒரு நொடியில் தன் பாதையிலிருந்து விலக்க வேண்டிய நீர், 25 மீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் கனமும் கொண்ட தகடு. அதன் அளவு 7 லிட்டர். நான்கு சக்கரங்களும் தனித்தனியே இவ்வேலையைச் செய்ய வேண்டும், பின்சக்கரங்களுக்கு முன்சக்கரங்கள் ஓரளவு வழி துடைத்துத் தந்தாலும்.

அளவை விட அவகாசம்தான் கடினமானது. தொடுபரப்பின் நீளம் 9 சென்டிமீட்டர் என்பதால், தரையிலுள்ள ஒரு புள்ளி டயருக்கு அடியில் இருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்குதான். அந்த நேரத்துக்குள் தொடுபரப்புக்கு அடியிலிருக்கும் 25 மில்லிலிட்டர் நீர் எங்காவது போயாக வேண்டும். நீர் சுருங்காத பொருள். அழுத்தினால் ஒடுங்கிக்கொள்ளாது, வெளியேற வழி கேட்கும். வழுவழுப்பான டயரின் நடுவில் சிக்கிய நீருக்கு மிக அருகிலுள்ள விளிம்பே பல சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. மூன்றரை மில்லிநொடியில் அவ்வளவு தூரம் ஓட அதனால் இயலாது.

இங்கேதான் பள்ளம் தன் விலையைத் திருப்பித் தருகிறது. புதிய டயரில் அகலமும் ஆழமும் 8 மில்லிமீட்டராக நான்கு நீள்பள்ளங்கள் இருக்குமானால், தொடுபரப்பின் நீளத்துக்குள் அவை கொள்ளும் நீர் ஏறத்தாழ 23 மில்லிலிட்டர். விலக்க வேண்டிய நீரோ 25. முன்னால் தள்ளப்படுவதும் பக்கவாட்டில் சிதறுவதும் போக மீதியைப் பள்ளங்கள் எளிதாக வாங்கிக்கொள்கின்றன. அதே டயர் தேய்ந்து, பள்ளத்துக்குள் வார்த்திருக்கும் தேய்வுக் குறி தலைகாட்டும் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வந்துவிட்டால், அதே பள்ளங்கள் கொள்ளும் நீர் 5 மில்லிலிட்டருக்கும் குறைவு. டயர் இன்னும் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், வறண்ட தரையில் முன்னைவிடக் கெட்டியாகப் பிடிக்கவும் செய்யும். மழையில் மட்டும் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. தேய்ந்த டயரை நம்பிப் பழகியவர் மழையில் ஏமாறுவதற்குக் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான்.

பந்தய டயர்களின் எல்லை இதைவிடப் பெரிது. ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்கு டயர் வழங்கும் பிரெல்லி நிறுவனத்தின் கணக்குப்படி, கனமழைக்கான டயர் ஒன்று மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் நீரை விலக்கவல்லது. அந்நீர் எங்கும் மறைந்துவிடுவதில்லை. பின்னால் வரும் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே திரையாக எழுகிறது. அதனால்தான் கனமழையில் பந்தயம் நிறுத்தப்படுவதற்கு டயரின் பிடியை விட ஓட்டுநரின் பார்வை பலமுறை காரணமாகிறது.

ஓடுபாதையில் கண்டறிந்த விதி

நீர் வெளியேற வழியின்றிப் போனால், டயரின் முன்விளிம்பில் அது ஆப்பாகத் திரண்டு டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. கார் அப்போது நீரின்மீது செல்கிறது; தரையோடு அதற்கு உறவு இல்லை. இந்நிலையை நீர்மிதப்பு எனலாம். ஸ்டீயரிங் திடீரென்று கனமிழந்து சுழல்வதே ஓட்டுநருக்கு அது தரும் முதல் அறிகுறி.

நீர்மிதப்பை முறையாக ஆராயும் தேவை முதலில் விமானங்களுக்கு ஏற்பட்டது. நனைந்த ஓடுபாதையில் இறங்கும் விமானம் நிற்காமல் ஓடிவிடும் விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வால்டர் ஹார்ன், 1963-இல் தம் சகப் பணியாளர் டிரெஹருடன் வெளியிட்ட அறிக்கையில் எளிய விதி ஒன்றைத் தந்தார். நீரின் ஆழம் டயரின் பள்ளங்கள் வாங்கும் அளவை மீறிவிட்டால், மிதப்பு தொடங்கும் வேகத்தை முடிவு செய்வது டயரின் காற்றழுத்தம். பிஎஸ்ஐ அளவின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7-ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். 36 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் 100 கிலோமீட்டரில் மிதக்கும். 32 என்றால் 94-இல். 25 என்றால் 83-இலேயே.

நம் சிறிய கார் 90 கிலோமீட்டரில் சென்றுகொண்டிருந்தது. பள்ளம் தேய்ந்த நிலையிலும் 32 பிஎஸ்ஐ இருக்கும்போது அது எல்லைக்குச் சற்று உள்ளே இருக்கிறது. காற்று 25-க்கு இறங்கியிருந்தால், அதே கார், அதே டயர், அதே மழை, எல்லைக்கு வெளியே. இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. வறண்ட நாளில் தடத்தில் வேகமாக ஓட்டும்போது டயர் சூடேறிக் காற்றழுத்தம் உயர்வதால், சங்க உறுப்பினர்கள் பலர் தொடக்கத்திலேயே காற்றைக் கொஞ்சம் இறக்கிவைப்பர். மழை வந்துவிட்டால் டயரை நீர் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், அழுத்தம் எதிர்பார்த்தபடி ஏறாது. காலையில் செய்த அந்தத் திருத்தம் பிற்பகலில் ஆபத்தாக மாறும். மழையில் தடத்துக்குள் நுழையுமுன் காற்றை மீண்டும் ஏற்ற வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் அடிப்படை ஹார்னின் விதிதான்.

இவ்விதியில் வண்டியின் எடைக்கு இடமே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கனமான வண்டி நீரை அழுத்திப் பிதுக்கிவிடும் என்ற நம்பிக்கை சாலையில் பரவலாக உண்டு. எடை கூடும்போது தொடுபரப்பும் அதே விகிதத்தில் விரிகிறது. சதுர சென்டிமீட்டருக்கு விழும் அழுத்தம் காற்றழுத்தத்தின் அளவிலேயே நிற்கிறது. பெரிய குடும்ப வண்டியின் எடை மழையில் அதற்குக் காவல் அல்ல.

மிதக்கும் காரை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வறண்ட தரையில் டயர் தன்மேல் விழும் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையால் பிரேக்கை ஏற்கும் என்றால், 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 40 மீட்டர் போதும். நனைந்த தரையில் அது பத்தில் ஐந்தாகக் குறையும்போது 64 மீட்டர். மிதப்பில் பத்தில் ஒன்றாகிவிட்டால் 300 மீட்டருக்கும் மேல்.

தலைமுடியை விட மெல்லிய நீர்

மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது: தேங்கிய நீரே இல்லாத ஈரச் சாலையில் கார் வழுக்குவது ஏன்? டன்லப் நிறுவனத்தின் கஃப், 1950-களின் இறுதியில், நனைந்த சாலையில் உருளும் டயரின் தொடுபரப்பை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். முன்பகுதியில் டயர் திரண்ட நீரைப் பிதுக்குகிறது. நடுப்பகுதியில் எஞ்சிய மென்படலம் அங்கங்கே கிழிந்து, கற்களின் முனைகள் ரப்பரைத் தொடத் தொடங்குகின்றன. பின்பகுதியில்தான் ரப்பரும் கல்லும் உண்மையாகச் சந்திக்கின்றன. பிடி பெரும்பாலும் பிறப்பது அங்கேதான். வேகம் கூடக்கூட முதல் இரண்டு பகுதிகள் பின்னோக்கி வளர்ந்து மூன்றாவதை விழுங்குகின்றன.

மென்படலத்தைக் கிழிப்பது பள்ளத்தின் வேலை அல்ல, சாலையின் வேலை. சாலைக்கு இரு வகைச் சொரசொரப்பு உண்டு. விரலால் தடவினால் தெரியும் கற்களின் மேடுபள்ளம் ஒன்று. அது திரண்ட நீருக்கு வடிகால். ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பிலும் மணல்தாள் போன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நுண்சொரசொரப்பு மற்றொன்று. தலைமுடியை விட மெல்லிய நீர்ப்படலத்தைக் குத்திக் கிழிப்பது அது. மழையில்லாத நாட்களில் டயர்த் தூளும் எண்ணெய்க் கசிவும் தூசும் இந்த நுண்முனைகளை மூடிவிடுகின்றன. முதல் தூறல் இவற்றோடு கலந்து பிசுபிசுப்பான கூழாகிறது. அது நீரை விடக் கெட்டியானது, கிழிக்கவும் கடினமானது. நன்றாகப் பெய்யும் மழை அதைக் கழுவிவிடும். ஆகவே பெருமழையின் முதல் சில நிமிடங்கள் அதன் நடுப்பகுதியை விட வழுக்கலாக இருக்கலாம்.

பந்தயத்தடத்தில் இதன் விளைவு ஒன்று புதியவர்களைத் திகைக்கச் செய்யும். வறண்ட நாளில் வளைவை மிக விரைவாகக் கடக்கும் வழியை, பந்தயக் கோட்டை, எல்லாக் கார்களும் பின்பற்றுவதால் அங்கே ரப்பர் படிந்து பிடி கூடுகிறது. மழை வந்ததும் அதே படிவு நுண்முனைகளை மூடிய வழுவழுப்பான பூச்சாகிவிட, தடத்தின் மிகச் சிறந்த வழி மிக மோசமான வழியாகிறது. அனுபவமுள்ளவர்கள் மழையில் வளைவின் வெளிப்புறமாக, வறண்ட நாளில் யாரும் போகாத இடத்தில் சுற்றிப் போவது இதனால்தான்: தூரம் கூடினாலும் அங்கே கற்கள் கூர்மையாக இருக்கின்றன.

செப்பாங்கின் மூன்று மழைகள்

பள்ளத்தின் வரவும் செலவும் செப்பாங்கில் உலகறிய அளக்கப்பட்டிருக்கின்றன. 2001 மார்ச் 18 அன்று நடந்த மலேசியக் கிராண்ட் பிரீயில் தொடக்கச் சுற்றுகளிலேயே கொட்டிய மழையில் ஃபெராரியின் இரு கார்களும் தடத்தை விட்டு வெளியேறி, பின்னர் டயர் மாற்ற வந்தன. பிறர் ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட கனமழை டயரை அணிந்தபோது, ஃபெராரி ஆழம் குறைந்த இடைநிலை டயரைத் தேர்ந்தது. மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கியதும் மற்றவர்களின் ரப்பர்க் கட்டிகள் குளிர்விக்கும் நீரின்றிச் சூடேறித் துவண்டன. மிக்கேல் ஷூமாக்கர் சில சுற்றுகளில் ஏனையோரை விட நான்கைந்து நொடிகள் விரைவாக ஓடி வென்றார், பாரிக்கெல்லோ இரண்டாவதாக வந்தார்.

2009 ஏப்ரல் 5 அன்று எந்தப் பள்ளமும் போதவில்லை. ஐரோப்பியத் தொலைக்காட்சி நேரத்துக்காக மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய பந்தயம் பிற்பகல் மழையின் வாயிலேயே போய் விழுந்தது. 56 சுற்றுகளில் 31 மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டு, ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவிக்கப்பட்டு, பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. இந்த மண்ணின் மழை எப்போது வரும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த எவரும் சொல்லியிருப்பர்.

2012 மார்ச் 25-இன் மழை தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கோவையின் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய எச்ஆர்டி கார் அன்றைய கூட்டத்தில் மிக மெதுவானவற்றுள் ஒன்று. பின்வரிசையிலிருந்து புறப்பட்ட அவர், பிறர் இடைநிலை டயரோடு தொடங்கியபோது கனமழை டயரை அணிந்து தொடங்கினார். மழை வலுத்து மற்றவர்கள் ஒவ்வொருவராக டயர் மாற்ற ஒதுங்க, அவர் ஒதுங்கத் தேவையின்றி முன்னேறி, பந்தயம் நிறுத்திவைக்கப்பட்டபோது பத்தாவது இடத்தில் இருந்தார். தடம் காய்ந்ததும் இயந்திரத்தின் வலிமை தன் கணக்கைத் திரும்ப எழுதிக்கொண்டது. எனினும் நீர் நிற்கும்வரை குதிரைத்திறனை விடப் பள்ளத்தின் ஆழம் பெரிது என்பதை அந்தச் சில சுற்றுகள் காட்டின.

ரப்பரின் தயக்கம்

நீரை விலக்கியாயிற்று, மென்படலமும் கிழிந்தது. அதன்பின் ரப்பர் கல்லைப் பிடிப்பது எதனால் என்பதே இந்த அத்தியாயத்தின் மையக் கேள்வி. வறண்ட தரையில் ரப்பரின் மூலக்கூறுகள் கல்லோடு நேரடியாக ஒட்டிப் பிரிகின்றன. இந்த ஒட்டுவிசையின் பெரும்பகுதியை ஈரம் பறித்துவிடுகிறது. எஞ்சியிருப்பது ரப்பரின் உள்ளிருந்து வரும் வேறொரு விசை.

அழுத்திய ரப்பர் பழைய வடிவுக்குத் திரும்பும்போது, அழுத்தச் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி உள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. இதை அறிவியல் தயக்கம் என்கிறது. தயக்கம் குறைந்த ரப்பரால் செய்த பந்து உயரத் துள்ளும். தயக்கம் மிகுந்த பந்து விழுந்த இடத்திலேயே அடங்கிவிடும். கல்லின் முனைமீது வழுக்கும் ரப்பர் முன்பக்கம் அழுந்தி, பின்பக்கம் மீள்கிறது. தயக்கமில்லாத ரப்பர் மீளும்போது கல்லைப் பின்னிருந்து அதே விசையோடு தள்ளிவிடுவதால் எதிர்ப்பு மிஞ்சாது. தயங்கும் ரப்பர் மெல்ல மீள்வதால் முன்பக்க எதிர்ப்பு மட்டும் நிலைக்கிறது. நனைந்த சாலையில் காரை நிறுத்துவது அதுதான். கேம்பிரிட்ஜில் டேவிட் டேபரும் கிரீன்வுட்டும் 1950-களில் செய்த ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. கடினமான குண்டு ஒன்றை ரப்பர்மீது உருட்டியபோதும், சோப்பு நீரால் நன்கு வழவழப்பாக்கிய ரப்பர்மீது வழுக்க விட்டபோதும் எதிர்ப்பு ஒன்றாகவே இருந்தது. ஒட்டுவிசை முற்றிலும் நீங்கிய பின்னும் ரப்பரின் உள்தயக்கம் அப்படியே நின்றது.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் கே. ஏ. கிராஷ். 1963-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ரப்பரைக் கண்ணாடிமீதும் உராய்தாள்மீதும் பல வேகங்களிலும் பல வெப்பநிலைகளிலும் மெதுவாக வழுக்கி உராய்வை அளந்தார். உராய்தாளில் மெக்னீசியம் ஆக்சைடுத் தூளைத் தூவியபோது உராய்வின் ஒரு மேடு மறைந்தது, மற்றொன்று மறையவில்லை. தூள் தடுத்தது மூலக்கூறு ஒட்டுதலை. மறையாமல் நின்றது தயக்கத்தின் பங்கு. இரண்டையும் ஒரே சோதனையில் தனித்தனியே பிரித்துக் காட்டிய அந்த எளிமை இன்றும் வியக்கத்தக்கது.

பாலின் பணத்தில் பிறந்த அறிவு

கிராஷ் பணியாற்றிய இடம் இங்கிலாந்தில் இருந்த இயற்கை ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுக் கழகம். 1938-இல் தொடங்கிய அக்கழகத்தை நடத்திய பணம், மலாயா முதலிய நாடுகளிலிருந்து ஏற்றுமதியான ரப்பர்மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து வந்தது. கோலாலம்பூரில் 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் அப்படியே. வழுவழுப்பான பரப்பில் ரப்பர் வழுக்கும்போது அதன் அடியில் நுண்ணிய அலைகள் ஓடுவதை 1971-இல் கண்டுரைத்த ஷல்லமாக்கும் அதே கழகத்தவர். விடியுமுன் விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய தோட்டத் தமிழர்களின் உழைப்பு அத்தீர்வையின் அடிக்கல். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டுப் பரவி மங்கு என்னும் கிண்ணத்துக்குள் சேராது, சேர்ந்ததையும் மழை நீர் நீர்க்கச் செய்துவிடும். அன்று வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. மழையால் வருமானம் இழந்தவர்கள் வெட்டிய பால், மழையில் உயிர் காக்கும் அறிவுக்குச் செலவாகியிருக்கிறது. டயரின் வரலாற்றை எழுதும் நூல்களில் இந்த வரவு பதிவாகாமல் இருப்பது பெருங்குறை.

ஆய்வின் முடிவு அதை நடத்தியவர்களுக்கு இனிப்பாக இல்லை. பால்மரத்தின் ரப்பர் இயல்பிலேயே தயக்கம் குறைந்தது. நன்றாகத் துள்ளும், குறைவாகச் சூடேறும். லாரிக்கும் விமானத்துக்கும் அதுவே பெரும் சிறப்பு. கார் டயரின் மேற்பகுதிக்கு ஈரப்பிடியில் அதுவே குறை. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பருக்குத் தயக்கத்தை வேண்டிய அளவு கூட்டிக்கொள்ள முடிந்ததால், கார் டயரின் தரை தொடும் பகுதி பெருமளவு அதன் கைக்குப் போயிற்று.

தயக்கம் கூடினால் எரிபொருள் வீணாகாதா என்று கேட்கலாம். உருளும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அழுந்தி மீள்வதால் அங்கும் ஆற்றல் வெப்பமாகத்தான் செய்கிறது. தீர்வு வேக வேறுபாட்டில் இருக்கிறது. நம் சிறிய காரின் டயர் 90 கிலோமீட்டரில் நொடிக்குப் பதினான்கு முறை சுற்றுகிறது. உருளும்போது ரப்பர் அழுந்துவதும் அத்தனை முறைதான். நுண்முனைகளின்மீது வழுக்கும்போதோ, பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள முனைகளை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கடந்தாலே பத்தாயிரம் முறை. மெதுவான அழுத்தத்தில் தயங்காமலும் மிக வேகமான அழுத்தத்தில் தயங்கியும் நடந்துகொள்ளும் ரப்பரே வேண்டியது.

எந்த ரப்பரும் போதிய குளிரில் கண்ணாடியாய் இறுகும். அந்த வெப்பநிலை சாலையின் வெப்பநிலைக்கு அருகில் வர வர, வேகமான அழுத்தங்களில் தயக்கம் கூடுகிறது. இயற்கை ரப்பர் இறுகுவது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகையில், வெகு தொலைவில். 1980-களில் அதே ஆய்வுக் கழகம், அப்போது மலேசியப் பெயர் தாங்கி, பாலாக இருக்கும் நிலையிலேயே ரப்பரை ஹைட்ரஜன் பெராக்சைடோடும் ஃபார்மிக் அமிலத்தோடும் வினைபுரியச் செய்து, அதன் சங்கிலியில் ஆக்சிஜன் அணுக்களைப் பாலமாக ஏற்றும் முறையை வளர்த்தெடுத்தது. நூறு கண்ணிகளில் ஒன்றுக்குப் பாலம் அமைத்தால் இறுகும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு பாகை உயரும். இருபத்தைந்துக்கு அமைத்தால் அது சுழியத்துக்குக் கீழே 45 பாகையை ஒட்டி வந்து நிற்கும். இப்படி மாற்றிய ரப்பர், டயர் ரப்பருக்கு வலுவூட்டக் கலக்கும் சிலிக்காவோடு நன்கு இணைகிறது. அதனால் செய்த டயர் ஈரத்தில் நன்கு பிடிக்கவும், குறைந்த எரிபொருளில் உருளவும் செய்கிறது. மலேசிய ரப்பர் வாரியம் எக்கோப்ரீனா என்ற பெயரில் அதை இன்று வழங்குகிறது. செயற்கை ரப்பர் பறித்துக்கொண்ட இடத்தை மீட்கும் வழி இவ்வாறு பாலுக்குள்ளேயே கிடைத்த காலத்தில், நெகிரி செம்பிலானின் தோட்டங்கள் பல பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன.